பண்ணும் பிணியும்: தமிழர் வரலாற்றில் இசை மருத்துவம்

‘இசை மருத்துவம்’ என்னும் சொற்றொடர் அண்மைக் காலமாக நாளிதழ்களிலும் மேடைகளிலும் பெரிதும் அடிபடுகின்றது. இது மேலைநாட்டார் நேற்றுக் கண்ட புதுமை என்று எண்ணுவோர் ஒருசாரார். எல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்தவை, இன்ன நோய்க்கு இன்ன இராகம் என்று எழுதியே வைத்துச் சென்றனர் என மார்தட்டுவோர் மற்றொரு சாரார். வரலாற்றை நடுநிலையோடு நோக்குவார்க்கு இவ்விரு கூற்றும் முழு உண்மை ஆகா என்பது புலப்படும். தமிழரிடம் பிணியையும் பண்ணையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் மரபு இரண்டாயிரம் ஆண்டுகளாக உண்டு. ஆயின் அம்மரபு இன்று விற்கப்படும் ‘இராகப் பட்டியல்’ போன்றதன்று. அதனினும் ஆழமானது, மனிதனுக்கு நெருக்கமானது.

காஞ்சி பாடிக் காத்தல்

சங்க இலக்கியத்தில் இதற்குரிய முதற்சான்று போர்க்களத்திலிருந்து கிடைக்கின்றது. புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாட்டு, விழுப்புண் பட்டு வீட்டில் கிடக்கும் வீரன் ஒருவனை மகளிர் காக்கும் காட்சியைக் காட்டுகின்றது. வீட்டின் இறைப்பில் இரவமரத் தழையையும் வேப்பிலையையும் செருகுகின்றனர். யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. மையிடுகின்றனர்; வெண்சிறுகடுகைத் தூவுகின்றனர்; ஆம்பல் குழலை ஊதுகின்றனர்; மணியை அடிக்கின்றனர்; காஞ்சிப் பண்ணைப் பாடுகின்றனர்; வீடெங்கும் நறும்புகை எழுப்புகின்றனர். பேய் அணுகாமற் காத்தலே இதன் நோக்கம் என்பது அக்கால நம்பிக்கை. நம்பிக்கை ஒருபுறம் இருக்க, அங்கு நிகழ்வது யாது? மரணத்தோடு போராடுபவன் ஒருவன் இரவு முழுவதும் தனித்து விடப்படவில்லை. தன் உற்றார் குரலை அவன் கேட்டுக்கொண்டே இருக்கின்றான்.

மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் இதையே குறிஞ்சி நிலத்தில் வைத்துக் காட்டுகின்றார். புலி பாய்ந்து கணவன் மார்பிற் கிழித்த புண்ணின் துயர் தணிய, கொடிச்சியர் பாடும் பாட்டு மலையில் ஒலிக்கும் ஓசைகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. இவ்விரண்டு இடங்களிலும் பாடுபவர் புலவரோ பாணரோ அல்லர். வீட்டுப் பெண்களே என்பது கருதத்தக்கது.

இசை உள்ளத்தின் கொந்தளிப்பை அடக்கும் என்பதையும் அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர். பாலை யாழின் இசை வழிப்பறிக் கள்வரின் கையிலுள்ள படைக்கலத்தையும் நழுவச் செய்யும் என்பது பொருநராற்றுப்படை. தினைப்புனத்தில் கொடிச்சி குறிஞ்சி பாட, கதிரைத் தின்ன வந்த களிறு தின்ன மறந்து உறங்கிப்போனதை அகநானூற்றின் 102ஆம் பாட்டு சொல்கின்றது. குத்துக்கோலுக்கு அடங்காத யானை யாழுக்கு அடங்குமென்பது கலித்தொகையில் உவமையாகவே ஆளப்படுகின்றது. பிற்காலத்தில் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் உதயணன் மதங்கொண்ட நளகிரியை யாழ் மீட்டி அடக்குவதும் இவ்வழி வந்ததே. கள்வனும் களிறும் நமக்குச் சொல்லப்படும் உவமைகள் மட்டுமே. அடங்க வேண்டிய மதம் எங்கு உள்ளது என்பதைப் புலவர்கள் அறிந்தே பாடினர் போலும்.

திருவதிகையில் ஒரு நோயாளி

எனினும் இப்பொருளில் தமிழர்க்குக் கிடைத்த தலையாய வரலாறு அப்பரடிகளுடையதே. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவருடைய வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். மெய்யன்பர் அனைவரும் அறிந்த கதையே ஆயினும், நோயாளி ஒருவரின் வரலாறாக அதை ஒருமுறை நோக்குவது பயன் தரும்.

திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாகப் பிறந்தவர் மருள்நீக்கியார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயும் உடன் மறைந்தார். தமக்கை திலகவதியார்க்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்த தமக்கையோ தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். அடுக்கடுக்காய் வந்த இத்தனை சாவுகளுக்குப் பின்னரே அவ்விளைஞர் உலக வாழ்வின் நிலையாமையை எண்ணி மனம் தளர்ந்து, அறச்சாலைகள் அமைத்து, பின் சமண் சமயம் புகுந்து, பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை எய்தினார். ஊர் அவரைப் பெரியவராகப் போற்றியது. அழுதற்கு அவருக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை.

அந்நிலையில் சூலை நோய் வந்தது. குண்டிகை நீரை மந்திரித்துக் குடிப்பித்தும், மயிற்பீலியால் தலை முதல் கால் வரை தடவியும் பார்த்தனர். வலி மிகுந்ததே அன்றித் தணியவில்லை. தம் சமையற்காரனைத் தமக்கையிடம் தூது விடுத்தார். சமணர் பாழிக்கு வாரேன் எனத் திலகவதியார் மறுத்துவிட்டார். இம்மறுப்பைக் கடுமை என்பாரும் உளர். ஆயினும் நோயாளி தாமே எழுந்து நடக்க அது வழியாயிற்று. உடுத்திருந்த பாயை நீக்கி, குண்டிகையையும் பீலியையும் அங்கேயே விட்டு, வெள்ளாடை உடுத்து, பிறர் கைகொடுக்க இரவோடிரவாகத் திருவதிகை வந்து தமக்கையின் காலில் விழுந்தார். அவர் அஞ்செழுத்து ஓதித் திருநீறு தந்தார். வைகறையில் திருவலகும் மெழுக்குத் தோண்டியும் கையிற் கொண்டு தாம் நாள்தோறும் செய்யும் பணிக்குப் போகையில் தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். வீரட்டானேசுவரர் திருமுன்பில் அவர் பாடியதே ‘கூற்றாயினவாறு’ எனத் தொடங்கும் பதிகம். நான்காம் திருமுறையின் முதற் பதிகம் அது, பண் கொல்லி.

அப்பதிகத்தின் பொருளைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். அது போற்றிப் பாட்டாகத் தொடங்கவில்லை. முறையீடாகத் தொடங்குகின்றது. வலி வயிற்றின் உள்ளே என்ன செய்கின்றது, குடலோடு சேர்த்து எவ்வாறு முடக்குகின்றது, புரட்டுகின்றது, அறுக்கின்றது என ஒரு நோயாளி மருத்துவரிடம் சொல்வது போலவே சொல்லப்படுகின்றது. கரையில் நின்றவர்கள் ஆழம் தெரியாதவனை நீரிற் பிடித்துத் தள்ளிவிட்டனர் என்னும் குறை பேசப்படுகின்றது. தான் அறியாமற் செய்த கொடுமைகள் எவையோ என்னும் குற்ற உணர்வு பேசப்படுகின்றது. ஆளாகக் கொண்டவரே வாளா இருக்கலாமா என்று இறைவனிடமே வழக்காடும் துணிவும் அதில் உண்டு. தலைமைப் பதவியில் இருந்த ஒருவர், பல்லாண்டுகளாக வாய்திறந்து சொல்லாத அனைத்தையும், தமக்கை அருகில் நிற்க, பண்ணோடு சொல்லிவிட்ட இடம் திருவதிகை.

நோய் நீங்கியது இறைவன் திருவருளால் என்பது அடியார் கொள்கை. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அத்திருவருள் ஒரு பாட்டின் வழியே, அதுவும் நோயாளி தம் வாயாற் பாடிய பாட்டின் வழியே நிகழ்ந்தது என்பதே ஈண்டு கருதத்தக்கது. வேறொருவர் பாட அவர் கேட்டுக் குணமடைந்தார் என்று சேக்கிழார் பாடவில்லை. இன்றைய இசை மருத்துவர்கள் ‘கேட்டல்’ வழி என்றும் ‘தாமே இசைத்தல்’ வழி என்றும் இருவகையாகப் பிரித்துப் பேசும் முறைகளுள் பின்னதற்கு இதனினும் தெளிவான பழஞ்சான்று தமிழில் வேறில்லை.

நலம் பெற்ற பின்னர் நாவுக்கரசர் செய்ததும் நினைக்கத்தக்கது. உழவாரப் படையைக் கையில் ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். பாட்டும் உடலுழைப்பும் ஊர்ப்பயணமும் அவர் வாழ்நாள் முழுவதும் பிரியாமல் இருந்தன.

கிள்ளான் காய்ச்சலும் திருநீலகண்டப் பதிகமும்

திருஞானசம்பந்தர் வரலாற்றிலும் பிணி தீர்த்த பதிகங்கள் பல உள. பாண்டியன் நின்றசீர் நெடுமாறனின் வெப்பு நோயைத் தீர்த்த திருநீற்றுப் பதிகம் காந்தாரப் பண்ணில் அமைந்தது. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளைப் பற்றிய முயலகன் என்னும் நோயை நீக்கியது தக்கராகப் பதிகம். கொடிமாடச் செங்குன்றூர் எனப்பட்ட திருச்செங்கோட்டில் அடியார் கூட்டத்தைக் குளிர்காய்ச்சல் பற்றியபோது பாடியது திருநீலகண்டப் பதிகம், பண் வியாழக்குறிஞ்சி.

குளிர்காய்ச்சல் என்றதும் நம் பகுதியின் வரலாறு நினைவுக்கு வரும். 1901ஆம் ஆண்டில் கிள்ளான் நகரமும், அவ்வாண்டே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமும், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானும், மலேரியாவால் நிலைகுலைந்தன. துறைமுகத்திலும் தோட்டங்களிலும் உழைத்த தமிழர் கொத்துக் கொத்தாக மடிந்தனர். அவர்களிடமும் பதிகம் இருந்தது, பக்தியும் இருந்தது. காய்ச்சலை நிறுத்தியவரோ கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை 1897இல் ரொனால்டு ராஸ் செக்கந்தராபாத்தில் நிறுவியிருந்தார். அதைப் பற்றுக்கோடாகக் கொண்டு வாட்சன் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டுவித்தார். ஊரைச் சுற்றியிருந்த காட்டைத் திருத்துவித்தார். இறப்பு குறைந்தது. தோட்டத்துப் பழையவர்கள் ‘கொய்னா’ என்று முகஞ்சுளித்த கசப்பு மருந்தும் பல உயிர்களைக் காத்தது.

இதைச் சொல்வது பதிகத்தின் பெருமையைக் குறைப்பதற்கன்று. கிருமியால் வரும் நோய்க்குக் கிருமியை அழிக்கும் வழி வேண்டும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து வேண்டும். பண்ணின் ஆட்சி எல்லை வேறு. நோயோடு வரும் அச்சம், தனிமை, உறக்கமின்மை, சொல்ல முடியாத துயரம் ஆகியவையே அதன் நிலப்பரப்பு. நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர் என்பதற்குக் கோயிற் கல்வெட்டுகளே சான்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பிக்கப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் ஆக 50 பேரை அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கினான். அவன் வழிவந்த வீரராசேந்திரன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரசோழன் என்னும் பெயரில் ஆதுலசாலை ஒன்று நடந்தது. 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் மகளிர் இருவர் எனக் கல்வெட்டு கணக்குச் சொல்கின்றது. பதிகம் பாடுவார்க்கும் நெல் அளந்தனர்; மருந்து அரைப்பார்க்கும் நெல் அளந்தனர். ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுத்தவில்லை.

இராகப் பட்டியல்கள்

பிற்காலக் கருநாடக இசையுலகிலும் இத்தகைய செய்திகள் உண்டு. முத்துசாமி தீட்சிதர் தம் மாணாக்கர் தம்பியப்பனின் தீராத வயிற்றுவலிக்காகக் குரு பகவான்மீது அடாணா இராகத்தில் கீர்த்தனை இயற்றித் தந்து பாடச் செய்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. இங்கும் நோயாளியே பாடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். கோயில்களில் வைகறையில் பூபாளமும், பள்ளியறை சாத்தும்போது நீலாம்பரியும் நாகசுரத்தில் வாசிக்கும் வழக்கம், பொழுதுக்கும் மனநிலைக்கும் இசைக்கும் உள்ள உறவை நம்மவர் உணர்ந்திருந்ததைக் காட்டும்.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை இங்கு நினையாதிருத்தல் இயலாது. 1859இல் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்த அவர் தொழிலால் சித்த மருத்துவர். மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சிக்குச் செலவிட்டார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, அறிஞர் மாநாடுகளைத் தம் செலவிலேயே கூட்டினார். 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். ஒரு கையில் மருந்தும் மறு கையில் வீணையுமாக வாழ்ந்த அவருடைய பெருநூல் முதன்மையாக ஆராய்வது சுருதிக் கணக்கையே. இந்த நோய்க்கு இந்த இராகம் என விலைகூறும் நூலன்று அது.

அவ்வாறு விலைகூறும் ஒலிநாடாக்களும் குறுந்தட்டுகளும் பின்னாளில் பெருகின. வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் இராக ஆராய்ச்சி மையம் நிறுவி இத்துறையில் ஆர்வம் காட்டினார். அவருடைய ஆர்வம் மெய்யானது. எனினும், குறிப்பிட்ட ஓர் இராகம் குறிப்பிட்ட ஒரு நோயைத் தீர்க்கும் என்பது மருத்துவ ஆய்வால் நிறுவப்படவில்லை. இதை ஆலய மலரில் எழுதுவது சிலர்க்கு உவப்பாக இராது. இருப்பினும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஒலிநாடாவை நம்பிய ஒரு குடும்பத்தின் இழப்பை விட அது பெரிதன்று.

பிறநாட்டு வரலாறும் இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயசீது 1488இல் கட்டிமுடித்த மருத்துவமனையில், பாடகரும் கருவியிசைப்போருமாகப் பதின்மர் வாரத்திற்கு மூன்று நாள் நோயாளர்க்கும் மனநலம் குன்றியவர்க்கும் இசைத்தனர் என்று பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதியுள்ளார். தற்காலத் துறையாக இசை மருத்துவம் உருப்பெற்றது இரண்டாம் உலகப் போரின் போது. போரிற் காயமுற்ற வீரர் நிறைந்த அமெரிக்க மருத்துவமனைகளில் இசைஞர்கள் வாசித்தனர். வெறும் பொழுதுபோக்காகத் தொடங்கியது நோயாளரிடம் மாற்றம் விளைவிப்பதை மருத்துவர்கள் கண்டனர். ஆனால் இசைஞர்க்கு நோயாளரை அணுகும் பயிற்சி இல்லை. அக்குறையை நீக்க 1944இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1950இல் தேசியச் சங்கம் அமைந்தது. இங்கிலாந்தில் செல்லோ இசைஞர் ஜூலியட் ஆல்வின் 1958இல் அதற்கான சங்கத்தை நிறுவினார்.

இன்று அத்துறை எட்டியுள்ள நிலை அடக்கமானது, அதனாலேயே நம்பத்தக்கது. பக்கவாதத்தால் இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்தவர் பலர், பேச இயலாத சொல்லைப் பாட இயலுவதைக் கண்டு, 1970களில் பாஸ்டன் மருத்துவர்கள் பாட்டின் வழியே பேச்சை மீட்கும் பயிற்சி முறையை வகுத்தனர். நடுக்குவாத நோயாளர் தாளத்திற்கேற்ப அடியெடுத்து வைத்து நடையைச் சீர்ப்படுத்துகின்றனர். பிள்ளைகளின் பெயரையே மறந்த முதியவர் இளமையிற் கேட்ட பாட்டை முழுதும் பாடுவதை வீடுகளிலேயே காண்கின்றோம். மனச்சோர்வு நோய் குறித்து 421 பேர் பங்கேற்ற 9 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, வழக்கமான சிகிச்சையோடு இசை மருத்துவத்தையும் சேர்த்தால் குறுகிய காலத்தில் கூடுதல் பயன் உண்டு என்றது. ‘சேர்த்தால்’ என்னும் சொல்லே அதன் உயிர்நாடி.

காற்றுக்கு வழிவிடுதல்

வெளிநாடுகளுக்குச் செல்வானேன்? நம் நாட்டிலேயே, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் மலாய்க் கிராமங்களில் ‘மாயின் புத்ரி’ என்னும் சடங்கு வழங்கி வந்துள்ளது. மருந்துக்கு அடங்காத சோர்வோடும் ஏக்கத்தோடும் கிடப்பவர் முன், ‘மிண்டொக்’ எனப்படுபவர் ரெபாப் என்னும் நரம்புக் கருவியை இசைத்துப் பாட, ‘தோக் புத்ரி’ எனப்படும் மருத்துவர் பாட்டாலும் ஆட்டத்தாலும் அவருடன் உரையாடுவார். 1970களில் திரெங்கானுவில் தங்கி இதை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் கேரல் லேடர்மேன் 1991இல் நூலொன்று வெளியிட்டார். அவர் விளக்கும் கொள்கை வியப்புக்குரியது. ஒவ்வொருவர் உள்ளும் ‘ஆங்ஙின்’, அதாவது காற்று, உண்டு. அது அவரவர் இயல்பும் ஆற்றலும் விருப்பமும் ஆகும். கலைஞனாகப் பிறந்தவனுக்கு அக்கலைக்கு வழியில்லையெனின், மதிப்பை வேண்டும் உள்ளத்திற்கு மதிப்புக் கிட்டவில்லையெனின், அக்காற்று உள்ளேயே அடைபட்டு நோயாகும். இசை அதற்குக் கதவு திறக்கின்றது.

சமயம் வேறு, மொழி வேறு, கருவி வேறு. ஆயினும் திருவதிகையின் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர்க்கு இக்கொள்கை புதிதாகத் தோன்றாது. பத்துமலையில் தைப்பூசத்தன்று உருமியும் தவிலும் முழங்க அருள் வந்து ஆடும் அடியார்களைப் பார்த்து, நகரத்துப் படிப்பாளிகள் சிலர் முகம் சுளிக்கின்றனர். ஓராண்டாகத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் பிறர் ஏவலுக்கு உட்பட்டு உழைத்த ஒருவர், அன்று ஒருநாள் ஆயிரவர் வழிவிட்டு ஒதுங்க நடக்கின்றார். அவருக்குள் அடைபட்டிருந்தது எது என்பதை அவரும் அறுமுகனுமே அறிவர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்தல் தகாது. அருளும் நோயும் வேறு வேறு. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கி வழிபட்ட மனநோயாளர் 31 பேரைப் பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தார் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். அன்பான சூழலில், எளிய கோயிற்பணிகளோடு, குடும்பத்தார் உடனிருக்கத் தங்கிய அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அதற்கு முந்திய ஆண்டு, 2001 ஆகஸ்டு 6இல், ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். இரண்டும் நம்பிக்கையோடு நாடிச் சென்ற இடங்களே. ஓரிடத்தில் பரிவு இருந்தது. மற்றோரிடத்தில் சங்கிலி இருந்தது.

தோட்டத்து ஒப்பாரி

மலேசியத் தமிழரின் இசை மருத்துவம் எது என்று கேட்டால், ஆலயத்துப் பண்ணிசைக்கு முன்னரே கூற வேண்டுவது தாலாட்டும் ஒப்பாரியும்தான். இவற்றைக் கலை என்று எண்ணாதவர்களே இவற்றைப் பேணினர். பால்மரக் காட்டில் விடியுமுன் வெட்டுக்குப் போன தாய், பிள்ளைக் கொட்டகையில் விட்டுச்சென்ற குழந்தைக்கு மாலையில் பாடிய தாலாட்டில் கங்காணியின் கொடுமையும் வந்தது. கடலுக்கு அப்பால் விட்டுவந்த அண்ணன்மார் பெயரும் வந்தது. ஒப்பாரியோ இறந்தவரை மட்டும் பாடுவதன்று. புகுந்த வீட்டில் பட்ட பாடு, சீர் செய்ய மறந்த பிறந்த வீடு, குடித்துக் கெட்ட கணவன், கிடைக்காத நீதி என ஒரு பெண் வாழ்நாளெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியாதவற்றைச் சபையில் சொல்ல ஊர் அளித்திருந்த ஒரே உரிமை அது. எவர் வீட்டுச் சாவிலும் சென்று தன் துயரை அழுது தீர்க்கலாம். கட்டிப்பிடித்துச் சுற்றி அமர்ந்த பெண்கள் அவளுக்கு ஈடுகொடுத்துப் பாடினர்.

ஒப்பாரிக்கும் வழியில்லாமற் போன காலம் ஒன்று உண்டு. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களுள் பெரும்பகுதியினர் மீளவில்லை. உடல் இல்லை, நாள் தெரியவில்லை, சாவு என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. வருவார் வருவார் என்று லயத்து வாசலில் காத்திருந்த பெண்கள் தாலியைக் கழற்றவும் துணியாமல், ஒப்பாரி வைக்கவும் துணியாமல் முதுமை எய்தினர். பாடப்படாத அந்தத் துயரம் அடுத்த தலைமுறைக்கு மௌனமாகவே சென்று சேர்ந்தது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நகரங்கள் எழுந்தன. ஷா ஆலம் நகரமே அதற்குச் சான்று. இரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் 1960களில் திட்டமிடப்பட்டு, 1978இல் சிலாங்கூரின் தலைநகராகி, 2000ஆம் ஆண்டில் மாநகராட்சித் தகுதி பெற்றது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களுக்கு மின்சாரமும் குழாய்நீரும் பள்ளியும் கிடைத்தன. இது பெருநன்மை. ஒப்பாரி மட்டும் மின்தூக்கியில் ஏறி வரவில்லை. பதினான்காம் மாடியில் வாய்விட்டு அழுதால் அண்டை வீட்டார் புகார் செய்வர் என்னும் அச்சம் வந்தது. சாவு வீட்டில் ஒலிப்பெருக்கி வைத்துப் பிறர் பாடிய பதிவை ஒலிக்கவிடும் வழக்கமும் வந்தது. கேட்பதற்குப் பாட்டு உண்டு. பாடுவதற்கு வாய் இல்லை.

அடைபட்ட காற்றின் கணக்கை அரசாங்கப் புள்ளிவிவரமும் காட்டுகின்றது. 2015ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியருள் 29.2 விழுக்காட்டினர்க்கு மனநலச் சிக்கல் இருக்கக்கூடும் என்றது. மூவரில் ஒருவர் என்னும் நிலைக்கு இது அண்மையது. ஆயினும் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், ‘என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறாயா?’ என்னும் மறுமொழியே இன்றும் முதலில் வருகின்றது. பேராக்கில் 1911இல் திறக்கப்பட்ட அம்மருத்துவமனைக்கு ‘பஹாகியா’, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் மாற்றியும் பழைய ஏளனம் மாறவில்லை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கியது. உயிரை வெறுத்தவர் இனிக் காவல் நிலையத்தை அஞ்ச வேண்டுவதில்லை, உதவி கேட்கலாம். தொலைபேசியில் செவிமடுக்கும் பிரெண்டர்ஸ் அமைப்பு கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கி வருகின்றது.

இச்சூழலில் ஆலயங்கள் செய்யக்கூடியது பெரிது. செய்வதும் சில இடங்களில் தொடங்கியுள்ளது. பிரிக்பீல்ட்சில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் அருளூக்கத்தால் 1981இல் தோன்றிய நுண்கலை ஆலயம், இசையையும் நடனத்தையும் வழிபாடாகவே இளைஞர்க்குக் கற்பித்து வந்துள்ளது. மலேசிய இந்து சங்கம் நாடளாவிய நிலையில் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழா, தோட்டப்புறச் சிறார் பலர்க்கு மேடையில் நின்று தம் குரலைத் தாமே கேட்கும் முதல் வாய்ப்பாக அமைந்தது. போட்டிகளில் உச்சரிப்புக்கும் பண்ணுக்கும் தாளத்திற்கும் மதிப்பெண் இடுகின்றனர், இடவும் வேண்டும். ஆயினும் வீட்டில் தாய் தந்தையர் பிரிந்த துயரோடும், தேர்வில் தோற்ற வெட்கத்தோடும் வரும் ஒரு சிறுவனுக்கு, ‘நீ பாடும் இப்பதிகம் வயிற்றுவலியால் துடித்த ஒருவர் கடவுளிடம் கோபித்துக்கொண்டு பாடியது’ என்று சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் எத்தனை பேர்? அதைச் சொன்னால் அவன் குரல் மாறும். போட்டிக்குப் பாடுவது வேறு. தன் பொருட்டுப் பாடுவது வேறு.

கூட்டு வழிபாட்டிலும் இவ்வேறுபாடு உண்டு. ஒலிபெருக்கியில் ஒருவர் பாட ஐந்நூறு பேர் கைப்பேசியை நோக்கிக்கொண்டிருப்பது ஒருவகை. ஓதுவார் ஓரடி பாட, சுருதி பிசகினாலும் கூசாமல் கூட்டம் அவ்வடியைத் திரும்பப் பாடுவது மற்றொரு வகை. முன்னதற்கு நல்ல கருவி போதும். பின்னதற்குப் பாடத் தெரியாதவரையும் பாட விடும் பெருந்தன்மை வேண்டும். சில ஆலயங்களில் வெள்ளிக்கிழமை மாலைகளில் முதியோர் கூடிப் பாடும் தேவாரம் அத்தகையது. அங்கு வரும் கைம்பெண்களும் ஓய்வுபெற்றவர்களும் இசைப்பயிற்சி பெற்றவர் அல்லர். பாடி முடித்துப் பிரசாதம் பெற்ற பின்னும் அரைமணி நேரம் மண்டபத்திலேயே அமர்ந்து பேசிக்கொண்டிருப்பர். விளக்கணைக்க வந்த ஆலயப் பணியாளர் காத்திருப்பார்.

அப்பர் பெருமானின் குருபூசை சித்திரைத் திங்கள் சதய நாளில் வருகின்றது. கொல்லிப் பண்ணை இன்று ஓதுவார்கள் நவரோசு இராகத்தில் பாடுகின்றனர். மேல் நோக்கி நெடுந்தொலைவு செல்லாத, குரல் வளம் குன்றியவரும் எளிதிற் பாடக்கூடிய இராகம் அது. திருவதிகை வீரட்டானம் கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியை ஒட்டியே உள்ளது. யாத்திரை செல்லும் அன்பர்கள் சிதம்பரம் போகும் வழியில் அங்கு இறங்கலாம். திலகவதியார்க்கும் அங்குத் திருவுருவம் உண்டு.